ஆறு என்று எழுதியிருந்த மோட்டர்

நானா, என் அண்ணன், அந்தத் தண்ணீர் மோட்டரைத் தான் உடுத்த பழைய சாரனால் மூடி வைத்திருந்தார். மழைக்காக மூடியது அல்ல. வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. கண்ணில் படக்கூடாது என்று மூடியது.

நுரைச்சோலையில் நானாவின் கொச்சிக்காய்த் தோட்டம், மிளகாய்த் தோட்டம்தான், முழுக்க வெறும் மணல். செருப்புக்குள் புகுந்த மணல் சுடச் சுட, நான் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தேன். தோட்டத்துக்கு அங்கால் அனல்மின் நிலையத்துச் சிம்னி புகைத்துக்கொண்டிருந்தது. கொச்சிக்காய்ச் செடிகளைப் பார்த்தேன். இலைகளின் ஓரமெல்லாம் நெருப்புக் காட்டியது போலக் கருகிக் கிடந்தன.

மதினி தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். ஒரு மிடறு குடித்தேன். கிணற்றடியென்றும் பார்க்காமல் துப்பிவிட்டேன்.

"என்ன மதினி, சீனிப் போத்தலுக்குள்ள உப்பக் கொட்டிட்டீங்களா?"

மதினி சிரிக்கவில்லை. வழமையாக நான் ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திருப்பித் தருகிற மனுசி அவர்.

"சீனி இல்ல புள்ள. கெணறு," என்றார்.

நானா பக்கத்தில் கதிரையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். "நேத்து இன்டைக்கு இல்ல தங்கச்சி. ரெண்டு மூணு கிழமையாவே இப்பிடித்தான். நீ வந்தா தெரிஞ்சிரும் என்டுதான் உன்ன வரச்சொல்லல்ல."

கிணறு உப்பானால் தோட்டம் போனது. அது எனக்கும் தெரியும், நானாவுக்கும் தெரியும். ஆனால் அவர் தோட்டத்துக்காகத் தலை குனிந்திருக்கவில்லை. தலையைத் தூக்காமலே கேட்டார்:

"றிகாஸுக்கு நான் என்ன சொல்லுவன்?"

கட்டாரிலிருந்து முன்னால் வந்தது

றிகாஸ் நானாவின் ஒரே மகன். கட்டாரில் வேலை. கலியாணம் முடித்து, பிள்ளையும் பிறந்தாயிற்று. மனைவியும் பெண்குழந்தையும் பாலாவியில் அவள் தாய்வீட்டில். அந்தக் குழந்தைக்கு வாப்பா என்றால் கைபேசி. யாராவது கைபேசியை எடுத்துக் காதில் வைத்தால் போதும், "வாப்பா, வாப்பா" என்று ஓடிவரும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

இந்த முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று றிகாஸ் சொல்லியிருந்தான். மாரி முடிவதற்குள் கம்பனிக்குப் பதில் சொல்ல வேண்டும். ஊருக்கு வந்து, வாப்பாவோடு சேர்ந்து தோட்டத்தைப் பெருக்கி, மனைவி பிள்ளையோடு இங்கேயே இருந்துவிடுவது என்று திட்டம். தான் வருவதற்கு முன்னாலேயே ஊருக்கு வரும் கூட்டாளி ஒருவனிடம் மோட்டரைக் கொடுத்து அனுப்பினான். நீல நிறம், பளபளவென்று, பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

அது வந்த நாட்களில் நான் ஊர்ப்பக்கம் வரவில்லை. மதுரங்குளிக்கு அங்கால் இறால் குஞ்சுப் பண்ணையில் எனக்கு வேலை. குஞ்சு பொரிக்கும் காலத்தில் அந்தத் தொட்டிகளை விட்டு அசைய முடியாது. மோட்டர் வந்ததையும் பூட்டியதையும் கைபேசியில் படமாகத்தான் பார்த்தேன். "மாஷா அல்லாஹ், வடிவா இருக்கு" என்று பதில் போட்டேன். படத்தில் அதன் முகம்தான் தெரிந்தது. எழுத்துப் பொறித்த தகடு மறுபக்கத்தில் இருந்தது.

"யாருட மகன்?"

இந்த இடத்தில் என் வியாதியைச் சொல்லாமல் முடியாது. யாராவது வெறும் எண்ணைச் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

எங்கள் பக்கம் ஓர் ஆளின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. "எந்த ஃபாரூக்?" என்பார்கள். "இன்னாருட மகன்" என்று சொன்னால்தான் ஆள் பிடிபடும். எண்ணும் அப்படித்தான். "ஐந்து" என்றால் எந்த ஐந்து? லீற்றரா, கலனா, கன அடியா? நிமிசத்துக்கா, அறுபது நிமிசம் சேர்ந்த மணித்தியாலத்துக்கா? பண்ணையில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் வெறும் எண்ணோடு வந்து நின்றால், "யாருட மகன்?" என்று கேட்பேன். முதலில் முழிப்பார்கள். பிறகு அவர்களே "நிமிசத்துக்கு அஞ்சு லீற்றர், மேடம்" என்று முழுப் பெயரோடு வருவார்கள். முதுகுக்குப் பின்னால் எனக்கு 'லீற்றர் ராத்தா', லீற்றர் அக்கா, என்று பெயர். எனக்குத் தெரியும். தெரியாதது போல இருக்கிறேன்.

பண்ணையில் இது விளையாட்டுக் காரியமல்ல. தொட்டித் தண்ணீருக்குள் காற்று ஊதும் எந்திரத்தில் நிமிசத்துக்கு இத்தனை கன அடி என்று இருக்கும். தொட்டிக்குள் அந்தக் காற்றைக் குமிழியாக விடும் காற்றுக் கல்லின் பெட்டியில் நிமிசத்துக்கு இத்தனை லீற்றர் என்று இருக்கும். ஒரு கன அடி என்றால் இருபத்தெட்டு லீற்றரும் கொஞ்சமும். இதைப் பெருக்கத் தெரியாமல் கல்லைக் கண்டபடி மாட்டினால், கடைசித் தொட்டிக்குக் காற்றுப் போய்ச் சேராது. விடியும்போது குஞ்செல்லாம் மௌத்து.

அதிலும் காற்று பொல்லாதது. தண்ணீரை எங்கே அளந்தாலும் லீற்றர் லீற்றர்தான். காற்று அப்படியில்லை. அமுக்கினால் சுருங்கும், சூடானால் பெருக்கும். எந்த அமுக்கத்தில், எந்தச் சூட்டில் அளந்தது என்றும் கேட்க வேண்டும். வாப்பா பெயர் மட்டும் போதாது, பாட்டன் பெயரும் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

உம்மாவுக்கு ரெண்டு

எங்கள் உம்மா ஒரு தடவை நெஞ்சுச் சளி முற்றிப் புத்தளத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூக்கில் ஒட்சிசன் குழாய். தாதி வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு லீற்றர் போகுது, காணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மதினி என் காதருகே வந்தார். "ரெண்டு லீற்றர் என்டா பெரிய சோடாப் போத்தல் ஒன்டுதானே? அது காணுமா இந்த மனுசிக்கு? இன்னும் ரெண்டு போத்தல் கூடப் போடச் சொல்லுவமா?"

"நிமிசத்துக்கு ரெண்டு லீற்றர், மதினி. மணித்தியாலத்துக்கு நூத்தி இருவது."

மதினி வாயைப் பொத்திக்கொண்டார். உம்மாவின் நெஞ்சைப் பார்த்தார். "அல்லாஹ்! அவ்வளவையுமா அந்தச் சின்ன ஒடம்புக்குள்ள விடுறாங்க?"

கண்ணை மூடிக் கிடந்த உம்மா சிரித்துவிட்டார். சிரித்ததில் இருமல் வந்து, தாதி ஓடிவந்து எங்கள் இருவரையும் வெளியே துரத்தினாள். அல்ஹம்துலில்லாஹ், உம்மா சுகமாகி வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு மதினி மூச்சு வாங்கும்போதெல்லாம் உம்மா கேட்பார்: "எத்தன போத்தல் போகுது மகள்?"

மதினியைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. 'நிமிசத்துக்கு' என்ற ஒரு சொல் விடுபட்டால் புத்திசாலிகளுக்கும் கணக்குப் புரண்டுவிடும். மதினி என்னைவிடப் புத்திசாலி.

சாரனைத் தூக்கினேன்

கிணற்றடிக்குத் திரும்ப வருகிறேன்.

"கெணத்த ஆழமாக்கினீங்களா நானா?" என்று கேட்டேன்.

"விசரா, பைத்தியமா எனக்கு?" என்று நானா சீறினார். கற்பிட்டிப் பக்கத்து மணலில் தோட்டம் செய்கிற எவருக்கும் அது தெரியும். மேலே நல்ல தண்ணீர், அடியில் உப்புத் தண்ணீர். ஆழமாகத் தோண்டினால் உப்பைத் தொட்டுவிடுவோம். அதனால்தான் இங்கே கிணறெல்லாம் ஆழமில்லாமல் அகலமாக இருக்கும். நானா ஒரு அடிகூடத் தோண்டவில்லை.

"அப்ப கூடுதலா இறைச்சிருக்கீங்க."

"நேரத்தக் கொஞ்சம் கூட்டினதுதான். ஆனா இது மெதுவான மோட்டர் புள்ள. பழசவிட எவ்வளவோ மெதுவு."

"யாரு சொன்ன?"

"அதுலயே எழுதியிருக்கே. பழசுல நாப்பது. இதுல ஆறு."

கேட்காமல் இருக்க முடியவில்லை. "யாருட ஆறு நானா?"

நான் போய்ச் சாரனைத் தூக்கினேன். தகட்டில் பட்டிருந்த மணலை முந்தானையால் துடைத்தேன். ஆறு. பக்கத்தில் பொடி எழுத்தில்: மணித்தியாலத்துக்குக் கன மீற்றர்.

கொட்டிலுக்குள் பழைய மோட்டர் துருப்பிடித்துக் கிடந்தது. அதன் தகட்டையும் பார்த்தேன். நாற்பது. பக்கத்தில்: நிமிசத்துக்கு லீற்றர்.

ஒரு கன மீற்றர் என்பது ஆயிரம் லீற்றர். ஆறு கன மீற்றர் ஆறாயிரம். அதை மணித்தியாலத்தின் அறுபது நிமிசத்துக்குப் பிரித்தால் நிமிசத்துக்கு நூறு. என் நானா நாற்பதைக் கழற்றி வைத்துவிட்டு, நூறைப் பூட்டி, அதற்கு 'மெதுவு' என்று பெயர் வைத்திருக்கிறார்.

"நானா! தண்ணி கொட்டுற கொட்டப் பார்க்கவே இல்லையா நீங்க? ஹோஸ் குதிச்சிருக்குமே!"

"பார்த்தன்தான்." அவருடைய குரல் சின்னதாகிவிட்டது. "ஆறு இழுத்து இவ்வளவு தருதே, இது மகன்ட ஹலாலான உழைப்புட பரக்கத், அல்லாஹ் தந்த பெருக்கம் என்டு நெனச்சன். எல்லாருக்கும் அப்பிடித்தான் சொன்னன்."

அதற்குமேல் எனக்குக் கோபம் வரவில்லை. இப்படி ஒரு பிழையை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாராலும் விட முடியாது. தண்ணீர் அளவுக்கு மீறிக் கொட்டுகிறது. என்ன கோளாறு என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லியிருக்கிறார்கள். பாவம் நானா. பாவம் அந்தப் பிள்ளை.

முறைத் தண்ணீர்

அந்தக் கிணறு நானாவுக்கு மட்டும் சொந்தமில்லை. வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்த எங்கள் குடும்பங்கள் நாலைந்து சேர்ந்து தோண்டியது. நான் அப்போது சின்னப் பிள்ளை. அன்றிலிருந்து அதில் முறை வைத்துத்தான் தண்ணீர். ஒவ்வொரு வீட்டுக்கும் தினம் ஒரு மணித்தியாலம். விடியற்காலைச் சுபஹு தொழுதுவிட்டு வந்தால் முதல் முறை தொடங்கும். யாரும் யாருடைய மணித்தியாலத்தையும் தொடமாட்டார்கள். மௌத்து வீடு, கலியாண வீடு என்றால் தன் மணித்தியாலத்தைக் கொடுப்பது பெரிய உதவி. சீதனப் பேச்சில்கூட "கிணற்றில் ஒரு மணித்தியாலம்" என்று சொல்வதுண்டு.

வாளியால் இறைத்த காலத்திலும், சின்ன மோட்டர் வந்த காலத்திலும் அது நியாயமான பங்கீடுதான். எல்லோருடைய மணித்தியாலமும் ஒரே அளவு. ஆனால் மோட்டர் மாறினால் மணித்தியாலத்துக்குள் இருக்கிற தண்ணீரும் மாறும் என்று யாரும் யோசிக்கவில்லை. நானா கிணற்றில் எல்லோருக்குமாகப் பூட்டிய புது மோட்டரில் அரை மணித்தியாலத்துக்குள் பாத்தியெல்லாம் நிரம்பியபோது, மீதி நேரத்தை யார் திருப்பிக் கொடுத்தார்கள்? உரிமையை விடுவதா? புதுப் பாத்தி வெட்டினார்கள். நானாவும் வெட்டினார். 'மெதுவான மோட்டர்தானே, கிணற்றுக்கு ஒன்றும் ஆகாது' என்று நேரத்தையும் கூட்டினார்கள்.

நான் அடுத்த நாளே நிரோஷா மிஸ்ஸைக் கூட்டிவந்தேன். நிலத்தடி நீரைப் பரிசோதிக்கும் அலுவலர். சிலாபத்துப் பிள்ளை. அவளுடைய தமிழும் சிங்களமும் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டுதான் நடக்கும். பண்ணைக்கு அவள் வந்து போவதில் எனக்குப் பழக்கம். உப்பு அளக்கும் மீற்றரைக் கயிற்றில் இறக்கிப் பார்த்தாள். முகம் மாறியது.

"அங்கிள், கஞ்சிக் கோப்பையில மேல தெளிவு நிக்குதுதானே? மெதுவா உறிஞ்சினா தெளிவு மட்டும் வரும். அவசரமா உறிஞ்சினா அடியில உள்ளதும் வாயிக்குள்ள வரும். ஹரித, சரிதானே? நீங்க அவசரமா உறிஞ்சிட்டீங்க."

"திரும்பத் தெளியுமா மகள்?" என்று நானா கேட்டார்.

"சொல்ல ஏலாது. தெளிஞ்ச கெணறும் இருக்கு. தெளியாததும் இருக்கு. மோட்டர நிப்பாட்டுங்க. மழ வரட்டும். பொறகு இறைச்சாலும் நிமிசத்துக்கு இருவது லீற்றருக்கு மேல வேணாம்."

நிமிசத்துக்கு இருபது! முழுப் பெயரோடு சொன்னாளே, அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது.

மணித்தியாலத்தைக் குடிக்க முடியாது

பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு பங்காளிகள் எல்லோரும் நானாவின் முற்றத்துக்கு வந்தார்கள். அவர்களில் மூத்தவர் முபாரக் ஹாஜியார். அடுத்த தோட்டம் அவருடையது. நல்ல மனுசன், ஆனால் பிடித்தால் விடாத மனுசன். நிமிசத்துக்கு இருபது லீற்றர் என்றால் மோட்டரை எவ்வளவு அடக்க வேண்டும் என்று நான் சொன்னதும் கையை உயர்த்தினார்.

"மோட்டர என்ன சரி செய்ங்க தங்கச்சி. என்ட மணித்தியாலத்துல மட்டும் கை வைக்க வேணாம். அது எங்கட வாப்பா தந்தது."

"உங்கட மணித்தியாலம் அப்பிடியே இருக்கும் ஹாஜியார். அதுக்குள்ள தண்ணிதான் கொறையும்."

"அதெப்பிடி? மணித்தியாலம் இருந்தா தண்ணியும் இருக்கும்தானே?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஹாஜியார், நீங்க மணித்தியாலத்தையா குடிக்கிறீங்க? கொச்சிக்காய்க்கு மணித்தியாலத்தையா ஊத்துறீங்க?"

மதினி என் கையைக் கிள்ளினார். பெரியவரிடம் இப்படிக் கதைக்கலாமா என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று. ஆனால் சொன்னதைத் திருப்பி விழுங்கவும் முடியாது. எழுந்து போய், இருபது லீற்றர் பெயின்ற் வாளியைக் கொண்டுவந்து கிணற்றடியில் வைத்தேன்.

"கதைச்சது காணும். வாங்க, கண்ணால பார்ப்பம்."

முதலில் பழைய மோட்டர். நானா அதைத் தட்டிக்கொட்டி ஓடவைத்தார். என் கைபேசியில் நேரம் பார்க்கும் வேலையை ஹாஜியாரிடமே கொடுத்தேன். வாளி நிரம்ப அரை நிமிசம் ஆனது. இரண்டு வாளிக்கு ஒரு நிமிசம். நாற்பது லீற்றர்.

பிறகு புதியது. ஹோஸ் துள்ளி எழும்பி மதினியின் காலை நனைத்தது. "யா அல்லாஹ்!" என்று அவர் குதித்தார். ஹாஜியார் நேரத்தைப் பார்க்கக் குனிந்து நிமிர்வதற்குள் வாளி வழிந்தது. பன்னிரண்டு செக்கன், அதற்குமேல் ஒரு துளி. தகட்டில் எழுதுகிற அளவு அதிகம்தான் இருக்கும், குழாயில் வரும்போது கொஞ்சம் குறையும் என்று நான் நினைத்திருந்தேன். குறைந்தது கொஞ்சம்தான்.

ஹாஜியார் தகட்டைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். "அப்ப இது ஆறு இல்லையா?"

"ஆறுதான் ஹாஜியார். ஒரு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம், ஒரு மீற்றர் உயரத்துல ஒரு தொட்டி கட்டினா ஆயிரம் லீற்றர் புடிக்கும். அப்பிடி ஆறு தொட்டிய இது ஒரே மணித்தியாலத்துல நெரப்பும்."

அவர் குனிந்து, வாளித் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். முகம் சுளித்தது.

"சரி தங்கச்சி. பழைய மோட்டர்ல என்ட மணித்தியாலத்துக்கு எத்தன வாளி?"

"நூத்தி இருவது."

"அப்ப இனி எனக்கு வாளிக் கணக்குச் சொல்லுங்க. மணித்தியாலம் வேணாம்."

அதோடு விடவில்லை. அவருடைய பழைய கடையை உடைத்தபோது கூரையிலிருந்து இறக்கிய கறுப்புத் தண்ணீர்த் தாங்கி ஒன்று அவர் வளவில் சும்மா கிடந்தது. ஆயிரம் லீற்றர். அதைக் கொண்டுவந்து கிணற்றடியில் உயர்த்தி வைத்தால், மோட்டர் மெதுவாக நாள் முழுக்க நிரப்பட்டும், ஆளாளுக்குத் தாங்கியிலிருந்து அளந்து எடுப்போம் என்றார். எனக்குத் தோன்றாத யோசனை அது. சற்று முன்னர் அவரிடம் எரிந்து விழுந்ததற்கு இன்னும் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

எல்லோரும் போன பிறகு நானா மணலிலேயே இருந்தார்.

"கெணத்த நான்தான் கெடுத்தன். இல்லையா புள்ள?"

"தகட்ட வாசிக்கிறதுக்கு யாரும் நமக்குப் படிச்சுத் தரல்லயே நானா. கடையிலயும் என்ன கேக்கிறான்? ஒன்டர இஞ்சுக் குழாயா, ரெண்டு இஞ்சுக் குழாயா? அவ்வளவுதான்."

"றிகாஸுக்குச் சொல்லிரு. ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து வைக்கட்டும். உப்புக் கெணத்துக்குப் பக்கத்துல வந்து என்ன செய்யப் போறான்?"

"மழ வரட்டும் நானா. கொஞ்சம் சபுரா, பொறுமையா இருங்க."

"அவன்ட காசில வாங்கின மோட்டரால அவன்ட தண்ணியையே கெடுத்துட்டன் என்டு எந்த வாயால சொல்லுவன்?" என்று கேட்டு அழுதார். என் நானா அழுது நான் பார்த்ததில்லை. நானும் பக்கத்தில் இருந்து அழுதேன்.

காத்திருந்த நாட்கள்

மோட்டர் நின்றது. குடிக்கத் தண்ணீர் பவுசர் லொறியில் வந்தது. கருகிய செடிகளை மதினி ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

றிகாஸ் அழைத்தால் நானா எடுக்கமாட்டார். "சிக்னல் இல்ல" என்பார். மகன் வேறு வழியில்லாமல் என்னை அழைத்தான்.

"மாமி, வாப்பாக்கு என்ன? மோட்டர் நல்லமா என்டு கேட்டா கதைய மாத்துறார். அதுல ஏதும் பிழையா?"

"மோட்டர்ல ஒரு பிழையும் இல்ல மகன். நல்லா ஓடுற மோட்டர்." பொய் சொல்லவில்லை. ஓடுவதுதானே பிரச்சினை.

"கம்பனியில பதில் கேட்டுக்கிட்டே இருக்காங்க மாமி. வாப்பா 'வா' என்டு ஒரு சொல் சொன்னா போதும். சொல்றாரில்ல."

"துஆ செய் மகன், மழ வரட்டும்" என்றேன். மழைக்கும் ஒப்பந்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் குழம்பியிருப்பான்.

மழை அந்த முறை மெல்ல வந்தது. பிறகு விடாமல் வந்தது. மணலில் ஒரு சொட்டும் தேங்காது, அப்படியே உள்ளே போகும். அந்த மழையில் நனைந்துகொண்டே நானா கிணற்றை எட்டிப் பார்த்தபடி நிற்பார் என்று மதினி சொன்னார். ஆனால் ருசி பார்க்கமாட்டாராம். பயம்.

ஒரு காலையில் மதினி என்னை அழைத்தார்.

"புள்ள, கெணத்துத் தண்ணியில உடுப்புக் கழுவினன். சவுக்காரம் நொரைக்குது."

உப்புத் தண்ணீரில் சவுக்காரம் நுரைக்காது. தேய்த்துத் தேய்த்துக் கைதான் நோகும். "நானாட்ட சொன்னீங்களா?"

"இல்ல. அந்த மிஸ்ஸக் கூட்டிட்டு வாங்க. இல்லையென்டா அவர் என்ட சவுக்காரத்த நம்பமாட்டார்."

கையில் அள்ளியது

நிரோஷா மிஸ் வந்தாள். நான் வந்தேன். ஹாஜியார் கூப்பிடாமலே வந்து நின்றார். புது மோட்டரின் வாயில் அடைப்பு வால்வு பூட்டியிருந்தோம். அதைத் திருகித் திருகி, வாளி நிரம்பச் சரியாக ஒரு நிமிசம் ஆகும்படி வைத்தேன். நிமிசத்துக்கு இருபது லீற்றர். நூறு பாய்ந்த மோட்டர் இப்போது விரல் தடிப்பில் ஒழுகியது. கொஞ்ச நேரம் ஓடவிட்ட பிறகுதான் அவள் மீற்றரைத் தண்ணீருக்குள் வைத்தாள்.

எண் ஏறியது, இறங்கியது, நின்றது. அவள் எண்ணைச் சொன்னாள். எங்கள் முகங்களைப் பார்த்தாள். என்னைத் தவிர யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"நல்லமா கெட்டதா மகள்?" என்றார் நானா.

அவள் மீற்றரை மடித்துப் பைக்குள் வைத்தாள். இரண்டு கையையும் ஹோஸுக்குக் கீழே குவித்து, நிரம்ப அள்ளி, மடமடவென்று குடித்தாள். நாடியில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தாள்.

"ஹரி, சரி அங்கிள். குடிங்க."

நானா முன்னால் வந்தார். அவசரமாக அள்ளியதில் பாதி சிந்தியது. பிஸ்மில்லாஹ் சொல்லி வாயில் வைத்தார். கண்ணை மூடினார். விழுங்கினார். கண்ணைத் திறக்காமலே இன்னொரு தடவை அள்ளினார். ஹாஜியார் சத்தமாக "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மதினி முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

இனிக் கிணறு எப்போதும் இப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. வால்வைத் திறந்தால் திரும்பவும் உப்புதான் என்று நிரோஷா மிஸ் விரலை ஆட்டிச் சொன்னாள். பாத்திகளைக் குறைக்க வேண்டும். செடிக்கடியில் வைக்கோல் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் நானா பள்ளிப் பிள்ளை போலத் தலையாட்டினார். ஆனால் அவர் கண் என் கைப்பையில் இருந்தது.

"ஃபோனத் தா புள்ள."

"உங்கட ஃபோன் எங்க நானா?"

"சார்ஜ் இல்ல. தா."

நானே றிகாஸின் எண்ணை அழுத்திக் கொடுத்தேன். அங்கே வேலை நேரம். எடுக்கமாட்டான் என்று நினைத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். பின்னால் எந்திரங்களின் இரைச்சல் கேட்டது.

"மாமி? வாப்பாக்கு என்னவும் நடந்ததா?"

"நான்தான் மகன், வாப்பா." நானா மழையில் நிறம் மங்கிப்போன அந்த நீல மோட்டரின் தலையில் கையை வைத்துக்கொண்டார். "உன்ட மோட்டர் நல்ல மோட்டர். நான்தான் அத வாசிக்கத் தெரியாம கெணத்த உப்பாக்கிட்டன். உனக்குச் சொல்லாம ஒளிச்சிட்டன். இப்ப சரியாகிட்டு. இங்க நிக்கிற எல்லாரும் சாட்சி."

இரைச்சலுக்கு நடுவே றிகாஸின் குரல், பயந்து பயந்து: "அப்ப நான் கையெழுத்து வைக்கவா வாப்பா, வேணாமா?"

"வைக்காத," என்றார் நானா. "வா மகன். தண்ணி இருக்கு."